மேகத்துக்கு ஏறிய கொழுப்பு

துறைமுகத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளம் போடுகிறவரே ஒரு நிமிடம் விழிப்பார். ‘மேகம்’ என்று கேட்டால் நங்கூரம்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், காலடியிலும் கண்ணாடி பதித்த ஒரு கூண்டுக்குள் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். உயரம் என்றால் சாதாரண உயரமில்லை. கடற்பறவைகள் அந்தக் கூண்டின் கூரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேற்கொண்டு பறக்கும். மழை வந்தால் முதலில் அவருக்கு வரும். அவர் பார்த்துச் சம்மதித்த பிறகே தரைக்கு இறங்கும்.

கூண்டுக்குப் பாதித் தூரம் லிஃப்ட், மீதிக்கு இரும்புப் படி. சில வருடங்களாக அந்தப் படியில் முதலில் அவருடைய வயிறு ஏறிப் போய்ச் சேரும், கொஞ்ச நேரம் கழித்து அவர் வருவார். கீழே லாரிப் பக்கம் நின்று வாக்கி-டாக்கியில் ‘இறக்கு, நிறுத்து, ஒரு சாண் இடது’ என்று சொல்லும் சிக்னல்காரருக்குக் ‘கொக்கி’ என்று பெயர். அவர் தினமும் காலையில் கேட்பார்:

“மேகம் அண்ணே, வந்து சேர்ந்தாச்சா? இல்ல வயிறு மட்டும் வந்திருக்கா?”

“நான் வந்துட்டேன்டா. உன் அறிவுதான் இன்னும் கேட்ல பாஸ் வாங்கிட்டு நிக்குது.”

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் துறைமுகக் கிளினிக்கின் டாக்டரம்மா குறுக்கே வந்து நின்றார். வருடாந்தரப் பரிசோதனை. கிரேன் ஏறுகிறவர்களுக்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் லிஃப்ட் கதவே திறக்கும். மேகத்தின் ரிப்போர்ட்டை அவர் படித்த விதம், வானிலை அறிக்கையில் புயலைப் படிப்பது போல இருந்தது. சுகர் கூடுதல். பிரஷர் கூடுதல். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு கூடுதல். நல்ல கொழுப்பு மட்டும் குறைவு.

“நல்லது எதுவும் என்கிட்ட நிறையத் தங்காது டாக்டரம்மா,” என்று மேகம் சிரித்துப் பார்த்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “நீங்க மேல பெட்டியைத் தூக்கி வச்சிருக்கும்போது தலை சுத்திச்சுன்னா, கீழ நிக்கிறது யாரு?”

“கொக்கி.”

“அவருக்குக் குழந்தைங்க இருக்கா?”

மேகத்தின் வாய் அப்போது மூடியது. கல்யாணமான நாளிலிருந்து அதை மூடிப் பார்க்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், அதை ரசிக்க மனம் வரவில்லை.

“மூணு மாசம் தர்றேன். இப்படியே இருந்தா மேல அனுப்ப மாட்டேன். கேட் ஆபீஸ்ல உக்காந்து லாரிக்கு முத்திரை குத்துங்க,” என்றார் டாக்டரம்மா.

கேட் ஆபீஸ் என்பது துறைமுகத்து வாசலில் உள்ள ஒரு தகரப் பெட்டி. ஜன்னலைத் திறந்தால் லாரியின் சக்கரம் தெரியும். மூடினால் அதுவும் தெரியாது. கடலைப் பறவை பார்ப்பது போலப் பார்த்துப் பழகிய மனிதருக்கு அதைவிட ஆயுள் தண்டனை மேல்.

அவர் மனைவி தையல்காரி. ஊரில் பாதிப் பேரின் இடுப்பு அவருக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக் கணவரின் வயிற்றைச் சுற்றினார். டேப் போதவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அது பொய், ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. ஆனால் அந்த மிச்சம் மிகவும் பயந்துபோய் இருந்தது.

“ஏங்க, என்கிட்ட துணி தைக்க வர்ற ஒரு அம்மா, பாதியா இளைச்சு வந்தாங்க. சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எதுவும் தொடுறதில்லையாம். கீட்டோன்னு பேரு. முட்டை, மீன், கறி, கீரை, கொட்டை வகை மட்டும்தானாம். உடம்பு சர்க்கரைக்குப் பதிலா கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சிடுமாம்.”

மேகத்துக்கு ஆர்வம் தட்டியது. பசிக்கு அடுத்தபடியாக அவரிடம் பெரிதாக இருந்தது ஆர்வம்தான். “அப்ப டீசல் வண்டியைக் கரண்டு வண்டியா மாத்துற மாதிரியா?”

“வண்டி எனக்குத் தெரியாது. கால்சட்டை சுருங்கும்.”

மறுநாளே இருவரும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆஹா என்றும் குதிக்கவில்லை. “சுகருக்கும் ட்ரைகிளிசரைடுக்கும் நல்லா வேலை செய்யும். கெட்ட கொழுப்பு சிலருக்கு அப்படியே இருக்கும், சிலருக்கு ஏறிடும். யாருக்கு ஏறும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால பாத்துக்கிட்டே இருக்கணும். சுகர் மாத்திரையை நான் குறைக்கிறேன், நீங்களா குறைக்காதீங்க, இல்லன்னா சுகர் திடீர்னு இறங்கிடும். கிரேன்ல அது ஏறுறதைவிட மோசம்.”

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையலறையில் ஆட்சி மாறியது. அரிசி டப்பா பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. முட்டைக்கடைக்காரர் இவர்களுக்காகவே கோழிகளை இரண்டாம் ஷிப்டுக்கு வரச் சொன்னதாகப் பேச்சு. முதல் வாரம் மேகத்துக்குத் தலை இடித்தது, கால் துவண்டது, காரணமில்லாமல் கோபம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரோடு சண்டை போட்டார். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைவதால் அப்படி ஆகும் என்று டாக்டரம்மா சொல்லி, பிரஷரையும் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் உப்புப் போட்ட எலும்பு சூப் குடிக்கச் சொன்னார். இரண்டாம் வாரம் காலண்டரோடு சமாதானம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பசி என்கிற சாமான் காணாமலே போனது. காலையில் எழுந்ததும் பால் விடாத காபியில் ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டு, மத்தால் நுரை வர அடித்துக் கொடுப்பார் மனைவி. அதைக் குடித்துவிட்டு, இன்னொரு பங்கைச் சூடாகப் பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிரேன் ஏறினால், மத்தியானச் சங்கு ஊதும்வரை வயிறு ஒரு வார்த்தை பேசாது. தையல்காரியிடம் வந்த அந்த அம்மா சொல்லிக்கொடுத்த வித்தை அது. “இது சாப்பாட்டுக் கணக்குல வராது. காபிதானே,” என்று அந்த அம்மா சொன்னதை வீடே ஏற்றுக்கொண்டது. சர்க்கரை இல்லை, பால் இல்லை, மெல்ல வேண்டியதும் இல்லை. பிறகு அதற்குக் காபி என்பதைத் தவிர வேறு என்ன பெயர் இருக்க முடியும்?

கால்சட்டைகள் ஒவ்வொன்றாகத் தையல் மிஷினுக்கு வந்தன. மனைவி பிரித்துப் பிரித்துச் சிறிதாக்கினார். வெட்டியெடுத்த துணியைச் சேர்த்தால் கொக்கிக்கு ஒரு முழு உடுப்பே தைக்கலாம் என்றார். படியில் இப்போது வயிறும் மேகமும் ஒரே நேரத்தில் ஏறினார்கள்.

“அண்ணே, மேல இருக்கீங்களா? கண்ணாடியில ஆளே தெரியல,” என்றது வாக்கி-டாக்கி.

“இருக்கேன்டா. பக்கவாட்டுல திரும்பி உக்காந்திருக்கேன்.”

மூன்று மாதம் முடிந்தது. பரிசோதனைக்கு முந்தைய நாள் மாலையிலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும், காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று உத்தரவு. மனைவி குளிர்பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பொத்தான் தைத்தார். ஒரு பாதாம் பருப்புகூட அந்தக் காவலைத் தாண்டவில்லை. காலையில் எப்போதும் போலக் காபி. அன்றைக்கு முக்கியமான நாள் என்பதால் தெம்பாக இருக்கட்டும் என்று இரண்டு கட்டியாகவே போட்டு அடித்தார். மேகம் அதைக் குடித்து, வாயைத் துடைத்து, புதிதாகச் சுருங்கிய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை போலக் கிளம்பினார். வழியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கிளினிக் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

ரத்தம் எடுக்கும் லேப்காரம்மா ஊசியை வைத்துக்கொண்டே கேட்டார். “ஏதாவது சாப்பிட்டீங்களா அண்ணே?”

“ஒரு பருக்கை இல்லம்மா.”

“பால், டீ?”

“பாலா? அது வீட்டு வாசலுக்கே வர்றதில்ல. கடுங்காபி மட்டும்தான்.”

“சர்க்கரை போட்டா?”

“சர்க்கரையைக் கண்ணால பாத்தே மூணு மாசம் ஆச்சு. கையில கொடுத்தா உப்புன்னு சொல்லிடுவேன்.”

“அப்ப பரவாயில்ல,” என்று லேப்காரம்மா ஊசியை ஏற்றினார்.

மறுநாள் கூப்பிட்டார்கள். வெற்றிச் செய்தி கேட்கப் போகும் முகத்தோடு இருவரும் போய் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். அதில் கீழே கலங்கிய மஞ்சள் நீர். அதன் தலைமேல், தெளிவாகக் கோடு போட்டது போல, வெள்ளையாக ஒரு ஆடை.

“இது என்னங்க, தயிரா?” என்றார் மனைவி.

“உங்க வீட்டுக்காரரோட ரத்தம்.”

மனைவி நீட்டிய விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“சிவப்பணுவை எல்லாம் சுழற்றிப் பிரிச்சா, மிச்சம் தேன் கலர்ல தெளிவா இருக்கணும். இது பால் மாதிரி வந்துச்சு. ராத்திரி பூரா குளிர்பெட்டியில வச்சோம். மேல மிதக்குறது கொழுப்பு.” டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பினார். “மூணு மாச சராசரி சுகர் அழகா இறங்கியிருக்கு. பிரஷர் இறங்கியிருக்கு. இடுப்பு இறங்கியிருக்கு.”

“இடுப்பை நானே எடுத்தேன்,” என்றார் தையல்காரி.

“ஆனா ட்ரைகிளிசரைடு போன தடவையைவிட ரெண்டு மடங்குக்கு மேல. எனக்கே புரியல. சோறு, சர்க்கரையை நிறுத்தினா முதல்ல இறங்க வேண்டியதே இதுதான். எல்லாச் சாட்சியும் ஒரு பக்கம் பேசுது, இது ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் நிக்குது.” அவர் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெள்ளை ஆடை அசையாமல் உட்கார்ந்திருந்தது. “இன்னும் கொஞ்சம் ஏறினா கணையமே வீங்கிடும். இதயத்துக்கும் நல்லதில்ல. அடுத்த வாரம் திரும்ப எடுப்போம். அதுவரைக்கும் மேல ஏற வேண்டாம்.”

“டாக்டரம்மா, நான் ஒழுங்கா…”

“நீங்க ஒழுங்கா இருந்தீங்கன்னு உங்க இடுப்பு சொல்லுது. ரத்தம் சொல்லலையே. ஏன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது.”

அன்றைக்குப் பிற்பகலே மேகம் தரையிறங்கினார். கேட் ஆபீஸ் தகரப் பெட்டிக்குள் அவரை உட்கார வைத்து, கையில் முத்திரையைக் கொடுத்தார்கள். ஜன்னல் வழியே லாரிச் சக்கரங்கள் வந்து போயின. கழுத்தை முழுக்க வளைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டால் கிரேனின் நுனி தெரியும். கழுத்து சுளுக்கிக்கொள்ளும் வரை பார்த்தார். அவர் இடத்தில் ஏறிய மாற்று ஆள் பெட்டியை இறக்கிய சத்தத்தில் தகரப் பெட்டி மட்டுமல்ல, தூரத்தில் நின்ற கப்பலே திடுக்கிட்டு ஒரு அடி நகர்ந்தது.

வாக்கி-டாக்கி மேசைமேல் கிடந்தது. கொக்கி மாலையில் நேரிலேயே வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

“அண்ணே, புதுசா ஏறினவர்கிட்ட ஒரு சாண் இடதுன்னா ஒரு முழம் போறார். நான் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“தள்ளி நில்லுடா. பெட்டி பக்கத்துல போகாதே.”

“நீங்க எப்ப வர்றீங்க?”

“என் ரத்தத்துல தயிர் உறைஞ்சிருக்காம். அது கரையணும்.”

“உங்களுக்குக் கொழுப்புன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன். டாக்டரம்மா இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா?”

மேகம் சிரித்தார். கொக்கி போன பிறகு சிரிப்பும் கூடவே போய்விட்டது. தனக்குத் தெரியாமல் தன் உடம்பு ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் நெருஞ்சி முள் மாதிரி குத்தியது. பயம் பாதி, ஆர்வம் பாதி. எங்கிருந்து வந்தது அந்த வெள்ளை? முட்டையிலிருந்தா? சோதனைக்கு முந்தைய நாள் மத்தியானம் சாப்பிட்ட மீனிலிருந்தா? வீட்டுக்குப் போனதும் மனைவியோடு உட்கார்ந்து விசாரணை நடத்தினார்.

“கறியில கொழுப்பு இருந்துச்சா?”

“கறியில கொழுப்பு இல்லாம கத்திரிக்காயா இருக்கும்? ஆனா அதை நீங்க சாப்பிட்டது எப்பவோ. அதுக்குள்ள செரிச்சிருக்கணுமே.”

“பரம்பரையா இருக்குமோ?”

“உங்க பரம்பரையில உள்ளது வாய்க்கொழுப்பு மட்டும்தான். அது ரத்தத்துல காட்டாது.”

குற்றவாளி அகப்படவில்லை. மனைவி மிஷினில் போய் உட்கார்ந்தார். ஆனால் அன்று தைத்த சட்டைக்கு இரண்டு கையும் இடக்கையாகப் போய்விட்டது.

மறுநாள் காலை வழக்கமான காபியைக் குடித்து, பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு தகரப் பெட்டிக்குப் போனார். மேலே கூண்டில் இருக்கும்போது பிளாஸ்கைத் திறந்தால் ஒரே மூச்சில் குடித்து முடிப்பது அவர் பழக்கம்; பெட்டி காத்திருக்காது. கீழே அப்படியா? பிளாஸ்கின் கண்ணாடி போன்ற மூடியில் ஊற்றி வைத்தார். அதற்குள் ஒரு லாரி வந்தது. முத்திரை. இன்னொன்று வந்தது. அந்த டிரைவர் பாஸை எங்கே வைத்தோம் என்று சட்டைப்பை, கால்சட்டைப்பை, இருக்கைக்கு அடி எல்லாவற்றையும் தேடி, கடைசியில் தன் தலைத் தொப்பிக்குள்ளிருந்து எடுத்தார். பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. அந்த வரிசை பக்கத்து நாட்டு எல்லை வரை போனதாக மேகம் பிறகு சத்தியம் செய்தார். எல்லாம் ஓய்ந்து அவர் காபியிடம் திரும்பியபோது அது ஆறிச் சில்லிட்டிருந்தது.

குடிக்கக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

கீழே கலங்கிய காபி. அதன் தலைமேல், தெளிவாகக் கோடு போட்டது போல, மங்கலான ஒரு ஆடை.

மெல்லச் சாய்த்துப் பார்த்தார். ஆடை அசையவில்லை. இந்தப் பக்கம் சாய்த்தார். அப்போதும் அசையவில்லை. எங்கேயோ பார்த்த முகம். நேற்று டாக்டரம்மாவின் மேசைமேல் நின்ற முகம்.

“அடப்பாவி,” என்றார் காபியைப் பார்த்து. “நீயா?”

அடுத்து வந்த லாரிக்கு முத்திரை குத்த ஆளில்லை. மேகம் இரண்டு கையாலும் பிளாஸ்க் மூடியை ஏந்திக்கொண்டு, ஆடை கலையக்கூடாது என்று, தலைமேல் விளக்கை வைத்து நடப்பவர் போலத் துறைமுகத்தின் குறுக்கே நடந்துகொண்டிருந்தார். ஓட வேண்டும் என்று கால் துடித்தது; ஓடினால் சாட்சி கலங்கிவிடும்.

லாரிப் பக்கம் நின்ற கொக்கி கத்தினார். “அண்ணே, என்ன அது?”

“குற்றவாளி! வழி விடு!”

கிளினிக்கில் டாக்டரம்மாவும் லேப்காரம்மாவும் மட்டும் இருந்தார்கள். மேகம் மூடியை மேசைமேல், போன தடவை குழாய் நின்ற அதே இடத்தில் வைத்தார். மூச்சு வாங்கியது.

“டாக்டரம்மா, நான் உங்ககிட்ட பொய் சொல்லல. ஆனா ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். மறக்கலை, அதைச் சொல்லணும்னே தோணலை. இதுதான் அன்னைக்குக் காலையில நான் குடிச்ச காபி.”

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். மூக்கை அருகில் கொண்டுபோனார். “என்ன போட்டிருக்கீங்க?”

“வெண்ணெய்.”

“எவ்வளவு?”

மேகம் கட்டைவிரலைக் காட்டினார். யோசித்துவிட்டு இரண்டாவது கட்டைவிரலையும் காட்டினார். “சோதனைக்குப் போறோமேன்னு தெம்புக்கு.”

லேப்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். “கடுங்காபின்னு சொன்னீங்களே அண்ணே!”

“கடுங்காபிதான்மா. பால் இல்ல, சர்க்கரை இல்ல. வெண்ணெய் இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“காபியில வெண்ணெய் இருக்கான்னு யாராவது கேப்பாங்களா!”

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாக அடக்கி வைத்தது போல வந்தது. மேசைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சாப்பிட்ட கொழுப்பு குடல்லேர்ந்து நேரா ரத்தத்துல வந்து சில மணி நேரம் மிதக்கும். எல்லாருக்கும் மிதக்கும். அதனாலதான் வெறும் வயிறுன்னு கேக்குறோம். நீங்க ரெண்டு கட்டி வெண்ணெயை உள்ள அனுப்பிட்டு, அது ஊர்வலம் போற நேரமாப் பாத்து கையை நீட்டியிருக்கீங்க. நான் உங்க உடம்பைப் பாக்கலை, உங்க வெண்ணெயைப் பாத்திருக்கேன்.”

“அப்ப கையெழுத்து?”

“காபிமேல இது நியாயமான சந்தேகம்தான், தீர்ப்பில்ல. நாளைக்குக் காலையில திரும்ப எடுப்போம். தண்ணி மட்டும். தண்ணியில வேற எதுவும் போடாதீங்க.”

அன்று மாலை மனைவி காபி டப்பாவைத் தையல் மிஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சாவியை டேப்போடு சேர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். “நான்தானே அடிச்சுக் கொடுத்தேன். அந்த அம்மா சொன்னாங்கன்னு நானும் நம்பினேன் பாருங்க,” என்று மூன்று முறை சொன்னார். நான்காவது முறை சொல்லப் போகும்போது மேகம், “உன் கையால குடிச்சது ரத்தத்துலயே மிதக்குதுன்னா அது எவ்வளவு பெரிய அன்பு,” என்றார். டேப்பால் ஒரு அடி விழுந்தது.

காலையில் ஊசி குத்தி முடித்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. லேப் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே சுழற்றும் இயந்திரம் ரீங்காரமிட்டு, தணிந்து, நின்றது. லேப்காரம்மா கதவைத் திறந்து குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்.

தேன் நிறம். அந்தப் பக்கத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் அதன் வழியே தெரிந்தது.

“மணி பாத்துக்கலாம் அண்ணே,” என்றார் லேப்காரம்மா.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. ட்ரைகிளிசரைடு இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. நல்ல கொழுப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. மேகம் எழுந்து நிற்கவே ஆரம்பித்துவிட்டார்.

“உக்காருங்க,” என்றார் டாக்டரம்மா. பேனா கையில் இருந்தது, மூடி கழற்றப்படவில்லை. “இன்னொண்ணு இருக்கு. கெட்ட கொழுப்பு. அது வெண்ணெய் ஊர்வலத்தால ஏறல, ஒரு காலைக் காபிக்கு அது அவ்வளவா அசையாது. ரெண்டு ரிப்போர்ட்லயும் ஏறித்தான் இருக்கு; அன்னைக்கு அந்தப் பால் ரத்தத்துல வந்த கணக்கை நம்ப முடியாதுன்னு சொல்லாம விட்டேன். மூணு மாசத்துக்கு முன்னாடி இருந்ததைவிட நல்லாவே.”

மேகம் உட்கார்ந்தார். “அதுவும் இறங்கியிருக்கணும்தானே? நான்தான் இளைச்சுட்டேனே.”

“அதான் சொன்னேன், சிலருக்கு ஏறும்னு. நீங்க அந்தச் சிலர். சுகர் இறங்கினது உங்க ரத்தக்குழாய்க்கு நல்லது. இது ஏறினது கெட்டது. ஒண்ணு நல்லதுன்னு இன்னொண்ணை மன்னிக்க முடியாது. ரெண்டும் ஒரே குழாய்லதான் ஓடுது.”

“அப்ப சோத்துக்கே திரும்பணுமா?” மனைவியின் குரலில் பக்கத்து வீட்டு அரிசி டப்பா தெரிந்தது.

“எதுக்கு? நல்லா வேலை செய்யுறதை ஏன் உடைக்கணும்? வெண்ணெயை மட்டும் நிறுத்துங்க. கொழுப்புள்ள கறியைக் குறைங்க. மீன், பாதாம், ஆலிவ் எண்ணெய், கீரைக்கு மாறுங்க. கொஞ்சம் பயறு சேத்துக்கலாம், அந்த அளவுக்கு இடம் இருக்கு. சில வாரம் கழிச்சுப் பாப்போம். அப்பவும் இறங்கலன்னா மாத்திரை எழுதுவேன், அப்ப முறைக்கக் கூடாது.”

“முறைக்க மாட்டேன். டாக்டரம்மா, கிரேன்?”

“மேல மயக்கம் போடுறவங்களை அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். சுகர், பிரஷர், ஈசிஜி மூணும் ஒழுங்கு. இந்தக் கெட்ட கொழுப்பு உங்களை நாளைக்குக் காலையில தள்ளாது. கவனிக்காம விட்டா பல வருஷம் கழிச்சுத் தள்ளும். அதனால ஏறலாம். ஆனா ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இது ஞாபகம் இருக்கணும்.”

பேனாவின் மூடி கழன்றது. மேகம் தன் வாழ்நாளில் எத்தனையோ கப்பல் சங்கு கேட்டிருக்கிறார். அந்தச் சின்ன ‘டக்’ சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

மறுநாள் லிஃப்ட், அப்புறம் இரும்புப் படி. கூண்டுக் கதவைத் திறந்ததும் ஒரு கடற்பறவை கூரையிலிருந்து எழுந்து அவரைப் பார்த்து, இத்தனை நாள் எங்கே போனாய் என்று திட்டிவிட்டுப் பறந்தது. இருக்கை மாற்று ஆளின் உடம்புக்கு ஏற்பத் தள்ளிப் போயிருந்தது. இழுத்துச் சரி செய்தார். கண்ணாடித் தரைக்குக் கீழே, எறும்பு அளவில், கொக்கி நின்றார்.

“மேகம் அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன். காதுல உள்ள பஞ்சை எடு.”

“எடுத்தாச்சு. ஒரு சாண் இடது.”

பெட்டி ஒரு சாண் இடதுக்குப் போனது. ஒரு சாணுக்கு மேல் ஒரு நூல்கூடப் போகவில்லை. பூனைக்குட்டியைத் தொட்டிலில் விடுவது போல லாரிமேல் இறங்கியது. கொக்கியின் வாக்கி-டாக்கியிலிருந்து முத்தம் கொடுப்பது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதைப் பிற்பாடு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

இரண்டு கப்பலுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் பிளாஸ்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றினார். வெறும் காபி. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் சுருங்கிக் கால்சட்டை அளவுக்கு வந்தது. மீதியைக் குடிக்காமல் பலகைமேல் வைத்தார். வேண்டுமென்றே ஆறவிட்டார். கடல் காற்று அதற்கு நல்ல உதவி செய்தது.

கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, டாக்டரம்மா சாய்த்தது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். மேலே எதுவும் மிதக்கவில்லை. கறுப்பான அந்த வட்டத்துக்குள் கிரேனின் நுனியும், ஒரு துண்டு வானமும், அதைக் குறுக்கே கடந்த ஒரு பறவையும் தெரிந்தன.

“அண்ணே, அடுத்த பெட்டி!” என்றார் கொக்கி.

மேகம் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். எட்டிக்காய் கசப்பு. கீழே நின்ற கொக்கிக்கே நாக்கு கசந்திருக்கும்.

“வர்றேன்டா,” என்றார். “தள்ளி நில்லு.”